உளிக்குப் பிடி போடுவது: எந்த மரம், துளை எப்படி, பூண் ஏன் கழலுகிறது?

கோண்டாவில் பொடியன்

எல்லோருக்கும் வணக்கம். அம்மப்பாவின் உளிகள் நாலு போன வருடம் என் கைக்கு வந்தன. இரும்பு இன்னும் நல்லாகத்தான் இருக்கிறது. பிடிகள்தான் உளுத்துப் போய்விட்டன. தூக்கினால் மாவாகக் கொட்டுகிறது.

தை மாதம் அரை அங்குல உளிக்கு நானே ஒரு பிடி போட்டேன். வேலியில் நின்ற பூவரசங் கதியாலில் ஒரு கொப்பை வெட்டி, தோலை உரித்து, கடைசல் பட்டறையில் கொடுத்துக் கடைந்து எடுத்தேன். நடுவில் துளை போட்டு, கழுத்தில் பூணை (பிடி பிளக்காமல் இறுக்கும் உலோக வளையம்) மாட்டி, உளியை அடித்து இறக்கினேன். வடிவாக வந்தது. மூன்று மாதம் ஒரு அசைவும் இல்லை. சோளகம் (தென்மேற்குக் காற்று) எழும்பியதும் பூண் தானாகவே கழன்று விரலோடு வந்துவிட்டது. ஆடி மாதம் பிடியில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. இப்போது பிடியைப் பிடித்து இழுத்தால் பிடி மட்டும் வருகிறது, உளி மரத்திலேயே நிற்கிறது.

மரம் பிழையா, துளை பிழையா, அல்லது பசை போடாததுதான் பிழையா? மற்ற மூன்றுக்கும் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். படம் போட்டிருக்கிறேன்.

மரக்காலை மாமா

தம்பி, படத்தை வடிவாகப் பார்த்தேன். பூவரசு பிழையான மரம் இல்லை. நெய்ப்பான, இறுக்கமான மரம். பிழை இரண்டு இடத்தில்.

முதலாவது, பிடியின் அடியில் பாருங்கள். நட்ட நடுவில் ஒரு சின்னப் புள்ளி, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக ரேகை. அது கொப்பின் நெஞ்சு. நெஞ்சை நடுவில் வைத்துக்கொண்டு முழு உருளையாகச் செய்த எதுவும் காயும்போது வெடிக்கும், தப்பாது. மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்குவது, நெஞ்சிலிருந்து தோல் நோக்கிச் சுருங்குவதைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சுற்றளவு குறையப் பார்க்கிறது, உள்ளே இருக்கிற மரம் அந்தளவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. எங்கேயாவது ஒரு இடத்தில் பிளந்துதானே ஆகவேண்டும்?

இரண்டாவது, தை மாதத்து மரம். மாரி முழுக்க மழை குடித்து நின்ற கதியால். வெட்டிய கையோடு கடைந்து பூண் போட்டால் அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். சோளகக் காற்றில் ஈரம் போக மரம் மெலியும், பூண் மெலியாது. கழன்று விழுந்தது அதனால்தான்.

பிடிக்கு மரம் எடுப்பதென்றால் நல்ல மொத்தமான குற்றியைக் கோடரியால் நாலாய், எட்டாய்ப் பிளந்து, நெஞ்சை ஒதுக்கிவிட்டு, பக்கத் துண்டை எடுக்கவேண்டும். வாளால் அரிவதை விடப் பிளப்பது நல்லது. பிளவு நார் போன வழியே போகும், அதனால் துண்டில் நார் குறுக்கே ஓடாது.

பனைவைரம்

பூவரசை ஏன் கட்டிப்பிடிக்கிறீர்கள்? எங்கள் ஊரில் பனையை விட உறுதியான மரம் வேறு என்ன இருக்கிறது? நூறு வருட வீட்டுக் கூரையில் பனஞ்சலாகை இன்னும் நிற்கிறது. வைரப் பகுதியில் ஒரு துண்டு எடுத்துப் பிடி போடுங்கள், பேரப்பிள்ளை காலம் வரை நிற்கும்.

மரக்காலை மாமா

» பனையை விட உறுதியான மரம் வேறு என்ன இருக்கிறது?

அண்ணை, கூரையில் பனை சும்மா கிடந்து பாரம் தாங்குகிறது. உளிப்பிடி அப்படி இல்லை, உச்சியில் அடி வாங்கும் சாமான். பனைக்கு மற்ற மரங்களைப் போல வளையம் கிடையாது. தென்னை மாதிரி நார்க்கற்றைகள்தான், இடையில் மெதுவான சோறு. வெளிச்சுற்றில் கற்றைகள் நெருக்கமாக இருப்பதால் வைரம், உள்ளே போகப் போக வெறும் சோத்தி. வைரத்திலும் நாரும் நாரும் பக்கவாட்டில் பெரிதாக ஒட்டிக்கொள்வதில்லை. உளியின் நாக்கு, அதாவது பிடிக்குள் போகிற இரும்பு முனை, ஆப்பு மாதிரி உள்ளே இறங்கும்போது நீளப்பாட்டுக்குப் பிளக்கும். கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) அடிக்க அடிக்க உச்சி தும்பு தும்பாக விரியும். அந்தச் சிராய் கையில் ஏறினால் எடுப்பதும் கஷ்டம். கத்திப்பிடிக்கு, ஊன்றுகோலுக்கு பனை திறம். அடிக்கிற உளிக்கு நான் சொல்லமாட்டேன்.

பனைவைரம்

சரி, அடிக்கிற உளிக்கு வேண்டாம். கையால் தள்ளிச் சீவுகிற உளிக்கு நான் பத்து வருடமாகப் பாவிக்கிறேன், ஒரு குறையும் இல்லை. உச்சிக்கு வளையம் போட்டிருக்கிறேன்.

சிறுதேர்

நான் கோயில் வாகன வேலைப் பட்டறையில் சித்திரம் கொத்தப் பழகுகிறேன். எங்களிடம் ஒருவருக்கே நாற்பது ஐம்பது உளி இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பிடி போடுவதில்லை. எந்த மரம் என்று கேட்க முன்னம், இந்த உளியை எப்படிப் பிடிக்கப் போகிறேன் என்று யோசித்துப் பாருங்கள் அண்ணா.

துளை பொளிகிற உளி நாள் முழுக்க அடி வாங்கும். அதற்குப் புளி, பாலை, முதிரை, விளா போன்ற கனத்த மரம், தடித்த பிடி, பூண் வேண்டும், உச்சியிலும் வளையம் வேண்டும். சீவுகிற உளிக்கு நீளமான மெல்லிய பிடி காணும். சித்திர உளிக்குப் பாரமான பிடி போட்டால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், ஒரு மணித்தியாலத்தில் மணிக்கட்டு நோகும். எங்கள் ஆசாரியார் அதற்கு வேம்பும் பூவரசும்தான் தருவார்.

வட்டமாகக் கடைந்த பிடியை விட எட்டுப் பட்டைப் பிடி எனக்குப் பிடிக்கும். மேசையில் வைத்தால் உருண்டு கீழே விழாது. சீமெந்துத் தரையில் ஒருமுறை விழுந்தால் வாய் போய்விடும். அதோடு, பார்க்காமலே கை வைத்தவுடன் உளியின் முகம் எந்தப் பக்கம் என்று விரலுக்கு விளங்கும். கடைசல் மெஷினும் தேவையில்லை. 30 மில்லிமீற்றர் சதுரக் கட்டை என்றால் ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரண்டு பக்கமும் 9 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் கோடு கீறி, சீவுளியால் அந்த மூலையைக் கோடு வரை எடுத்தால் எட்டுப் பக்கமும் சமனாக வரும்.

கோண்டாவில் பொடியன்

நன்றி தங்கச்சி, நன்றி மாமா. நெஞ்சு விஷயம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இனிப் பிளந்த துண்டுதான். பச்சை மரம் காய எவ்வளவு காலம் எடுக்கும்? காய்ந்தது என்று எப்படித் தெரியும்?

மரக்காலை மாமா

ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. பிளந்து வைத்த துண்டு என்றால் அதற்குள்ளேயும் காயலாம். இரண்டு அந்தத்திலும் பெயின்ற் அல்லது மெழுகு பூசி, நிழலில், காற்றுப்படுகிற இடத்தில் வையுங்கள். வெயிலில் போடவே வேண்டாம். அந்தம் திறந்து கிடந்தால் அதன் வழியே ஈரம் கெதியாகப் போய் நுனி வெடிக்கும்.

காய்ந்ததா என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் அனுபவம் வரும்வரை குசினித் தராசு போதும். துண்டில் திகதியையும் நிறையையும் பென்சிலால் எழுதுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை நிறுங்கள். நிறை குறைந்துகொண்டே வந்து ஒரு இடத்தில் நிற்கும். அடுத்தடுத்து மூன்று முறை ஒரே நிறை என்றால் அந்தக் காலநிலைக்கு அது காய்ந்துவிட்டது. ஆனால் மாரியில் நின்ற நிறை கணக்கில் சேராது. சோளகத்தில் நின்றால்தான் பூண் போடலாம்.

ஸ்காபரோ தச்சன்

மாமா சொல்வதை நான் இங்கே ரொறன்ரோவில் பட்டு அறிந்தேன். 2009 இல் ஊருக்கு வந்தபோது அப்பாவின் உளி இரண்டைக் கொண்டுவந்தேன். அவர் போட்ட பிடி, முப்பது வருடம் யாழ்ப்பாணத்தில் அசையாத பிடி. முதல் மாரிகாலம் வெளியே பனி, வீட்டுக்குள் ஹீற்றர். தை மாதம் பெட்டியைத் திறந்தேன், பூண் தனியே கிடந்தது, நாக்கும் ஆடியது. யாழ்ப்பாணத்துக்குக் காய்ந்த மரம் இந்தக் குளிர்கால வீட்டுக்குக் காய்ந்த மரம் இல்லை. மரத்தில் ஒரு வெடிப்பும் இல்லை. இரண்டு கிழமை வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பூணைச் சின்னதாக்கித் திரும்பப் போட்டேன். இன்றுவரை நிற்கிறது.

பசை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் எப்பொக்சி போடுவேன். துளையில் உள்ள இடைவெளியை நிரப்பும், ஆட்டம் இருக்காது.

பழைய சீவுளி

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். மரத்தைப் பற்றி எல்லாரும் நல்லாகச் சொல்லிவிட்டீர்கள். துளையைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை, அதனால் நான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஐம்பத்திரண்டு வருடம் இந்த வேலைதான்.

உளியின் நாக்கு நாற்சதுரம். தோளில் (அலகோடு சேரும் இடத்தில்) தடித்து நுனியில் மெலிந்து போகும். நீங்கள் போட்ட துளை ஒரே அகலம். நுனிக்கு அளவாகப் போட்டால் தோளடியில் ஆப்பாக நின்று பிளக்கும். தோளுக்கு அளவாகப் போட்டால் நுனி சும்மா வெறும் பொந்தில் ஆடும். இரண்டும் பிழை. துளை நாக்கின் வடிவத்துக்குப் படிப்படியாக ஒடுங்கவேண்டும்.

உதாரணமாக நாக்கு 62 மில்லிமீற்றர் நீளம், தோளடியில் 8 மில்லிமீற்றர் சதுரம், நுனியில் 3 என்று வைப்போம். முதலில் 5 மில்லிமீற்றர் டிறில் பிட்டால் 60 ஆழம். பிறகு 6.5 ஆல் 40 ஆழம். கடைசியாக 8 ஆல் 18 ஆழம். ஆழம் தெரிய பிட்டில் ரேப் ஒட்டுங்கள். சிறியதில் தொடங்கினால் பெரிய பிட் அந்த வழியையே பிடித்துக்கொண்டு போகும். வட்டத் துளைக்குள் சதுர நாக்கு போகும்போது நாலு மூலைதான் மரத்தைக் கடிக்கும். பிடிமானம் அந்த நாலு மூலையில்தான் இருக்கிறது.

இப்போது உளியைக் கையால் செருகி இடம் வலமாகக் கால் சுற்றுச் சுற்றுங்கள். மூலைகள் சுரண்டும். வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். திரும்பச் செருகுங்கள். தோளுக்கும் மரத்துக்கும் இடையில் 5, 6 மில்லிமீற்றர் மிஞ்சும்போது நிறுத்துங்கள். அதற்கு மேல் சுற்றினால் துளை வட்டமாகிப் பிடிமானம் போய்விடும். கனத்த மரமென்றால் 4 காணும். அந்த மிச்சம்தான் அடித்து இறக்குவதற்கு.

அடிக்கிற விதம் முக்கியம். உளியை நிலத்தில் குத்தி வைத்து மேலிருந்து அடிக்காதீர்கள், வாய் கெடும். வைஸில் அலகைப் பிடித்து அடித்தால் சரிந்து போக இடமுண்டு. பிடியை இடக்கையில் பிடித்து உளியைத் தலைகீழாக அந்தரத்தில் தொங்கவிடுங்கள். கீழே ஆள், கால் ஒன்றும் இருக்கக் கூடாது, பழைய சாக்கை விரியுங்கள். கொட்டாப்புளியால் பிடியின் உச்சியில் தட்டுங்கள். பிடி கீழே போகப் பார்க்கும், உளியின் பாரம் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதனால் நாக்கு தானாகவே மரத்துக்குள் ஏறும். ஏழெட்டுத் தட்டில் தோள் பூணில் இருக்கும். சத்தம் மாறும், அது காதுக்குத் தெரியும்.

நேராக வருவதற்கு ஒரு வழி. பெரும்பாலான ஆட்கள் பிடியைக் கடைந்து முடித்துவிட்டுத் துளை போடுகிறார்கள். துளை ஒரு நூல் சரிந்தாலும் உளி கோணலாக நிற்கும், திருத்த ஒன்றும் மிச்சமில்லை. நான் முதலில் சதுரக் கட்டையில் துளை போடுவேன். பிறகு உளியைச் செருகி, அலகின் நடுக்கோட்டைக் கட்டையின் மேல் நீட்டி நாலு பக்கமும் கீறுவேன். அந்தக் கோட்டைச் சுற்றித்தான் பிடியைச் சீவுவேன். துளை சரிந்திருந்தால் சீவலில் அது போய்விடும்.

எப்பொக்சி பற்றி: ஸ்காபரோத் தம்பி சொல்வது வேலை செய்யும். ஆனால் பிடி தேயும், உடையும், மாற்றவேண்டி வரும். அப்போது எப்பொக்சியைச் சூடாக்கித்தான் இளக்கவேண்டும், சூடு இரும்புக்கு ஆகாது. துளை சரியாக இருந்தால் பசை தேவையில்லை.

கம்மாலை

ஐயா, எங்கள் பட்டறையில் அப்பு காலத்தில் நாக்கின் நுனியைப் பழுக்கக் காய்ச்சித் துளைக்குள் இறக்குவார்கள். மரம் எரிந்து நாக்கின் அச்சே வந்துவிடும். டிறில் எதற்கு?

பழைய சீவுளி

நானும் இளவயதில் செய்திருக்கிறேன். மண்வெட்டிக்கு, கத்திக்குச் சரி. உளிக்கு இரண்டு பயம். எரிந்த இடத்தில் கரி நிற்கும், கரிக்குப் பலமில்லை. அடிக்க அடிக்க அது தூளாகி நாக்கு ஆடும். இரண்டாவது, சூடு நாக்கிலிருந்து அலகுக்கு ஏறும். துவைச்சல் போட்ட (காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய) உருக்கு வெளிறிய மஞ்சளுக்கு வருவது 220, 230 பாகையில், நீலத்துக்கு வருவது 300 பாகையளவில். நீலம் கண்டால் அந்த இடத்தின் கடினம் இறங்கிவிட்டது. செய்தே ஆகவேண்டும் என்றால் அலகு முழுக்க ஈரத்துணி சுற்றி, மெல்லிய சூட்டில், கொஞ்சமாக இரண்டு மூன்று தரம் செய்து, கரியைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

தம்பி, அலகில் எழுத்து ஏதும் அடித்திருக்கிறதா? பாருங்கள்.

கோண்டாவில் பொடியன்

மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தேன் ஐயா. ஒன்றில் ஆங்கிலத்தில் ‘காஸ்ற் ஸ்ரீல்’ என்றும் ‘ஷெபீல்ட்’ என்றும் அடித்திருக்கிறது. கொம்பனிப் பெயர் தேய்ந்து போயிருக்கிறது.

பழைய சீவுளி

அப்படியென்றால் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பாருங்கள். ஷெபீல்டில் 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் மண்மூசையில் உருக்கை உருக்கி வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். அந்த உருக்கில் செய்ததென்று காட்டத்தான் அந்த முத்திரை. வார்ப்பிரும்பு என்று நினைத்து எறிந்தவர்களும் உண்டு. பழைய உளிகள் பலவற்றில் முதுகுப்பக்கம் மெதுவான இரும்பு, முகப்பக்கம் மட்டும் கடின உருக்கு ஒட்டியிருக்கும். பக்கவாட்டை மினுக்கினால் அந்தக் கோடு தெரியும். மின்சாரச் சாணையில் வைக்கவேண்டாம். கல்லில் தண்ணீர் விட்டுக் கையால் தீட்டுங்கள்.

சைக்கிள் வைத்தியர்

பூணுக்கு ஒரு வழி சொல்கிறேன். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் கடைக்குப் போய் பித்தளைக் குழாய் வாங்க முடியாது. அப்போது நாங்கள் உடைந்த சைக்கிள் ஹாண்டிலைத்தான் வெட்டினோம். வெளி விட்டம் 22 மில்லிமீற்றர், உளிப்பிடிக் கழுத்துக்கு அளவான சாமான். இரும்புவாளால் 15 மில்லிமீற்றர் நீளத்துக்கு வெட்டி, உள்விளிம்பை அரத்தால் நன்றாக மழுக்குங்கள். மழுக்காவிட்டால் ஏற்றும்போது மரத்தைச் சீவிக்கொண்டு போகும், பிறகு இறுக்கம் இருக்காது.

மரத்தின் கழுத்தைப் பூணின் உள்விட்டத்தை விட ஒரு துளி தடிப்பாக விடுங்கள். பூணை அடுப்பில் கை சுடுகிற அளவுக்குச் சூடாக்கிக் குறட்டால் பிடித்து ஏற்றுங்கள். ஆறும்போது கவ்வும். பூணைப் போட்ட பிறகுதான் நாக்கை இறக்கவேண்டும், முதலில் நாக்கை இறக்கினால் பிளப்பைத் தடுக்க ஒன்றுமில்லை. கடைசியில் பூணின் பக்கத்தில் ஆணியால் இரண்டு இடத்தில் குழி விழக் குத்திவிடுங்கள், சுழலாது.

சிறுதேர்

தோளுக்கும் பூணுக்கும் நடுவில் பழைய செருப்புத் தோலில் வட்டமாக வெட்டி ஒரு வளையம் போட்டால் அடியின் அதிர்வு மரத்துக்கு நேரே போகாது. அண்ணாவின் நாலில் ஏதாவது குழல் வைத்த உளியா? அதாவது நாக்கு இல்லாமல் மரமே இரும்புக் குழலுக்குள் போவது. அதற்குப் பூண் வேண்டாம். மரத்தைக் கூம்பாகச் சீவி, குழலின் உள்ளே விளக்குப்புகைக் கரியைத் தடவிச் செருகி எடுங்கள். கரி பட்ட இடம்தான் முட்டுகிற இடம், அதை மட்டும் சீவுங்கள். எல்லா இடத்திலும் கரி படும்வரை. குழலின் விளிம்புக்கும் பிடியின் தோளுக்கும் நடுவில் 2, 3 மில்லிமீற்றர் இடைவெளி விடவேண்டும், இல்லாவிட்டால் அடி விளிம்பில் விழுந்து மரம் சிதறும்.

ஸ்காபரோ தச்சன்

எண்ணெய் பற்றியும் யாராவது எழுதுங்கள். வார்னிஷ் போட்ட பிடியில் எனக்குக் கை கொப்பளிக்கிறது.

மரக்காலை மாமா

வார்னிஷ் வேண்டாம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் காய்ந்து இறுகாது, பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். லின்சீட் எண்ணெய்தான் காற்றுப்பட்டு இறுகும். மெல்லியதாகத் தடவி, அரை மணித்தியாலத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, திரும்ப. மூன்று தரம் போதும்.

ஒன்றை மறக்காதீர்கள். லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவேண்டாம். அது இறுகும்போது சூடு வரும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே நெருப்புப் பிடிக்கும். மரத்தூள் கிடக்கிற பட்டறையில் சொல்லவே வேண்டாம். வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்டுவிட்டுப் பிறகு எறியுங்கள்.

கோண்டாவில் பொடியன்

ஆறு கிழமைக்குப் பிறகு வருகிறேன். பிந்தியதற்கு மன்னிக்கவும்.

பச்சை மரம் காயும்வரை காத்திருக்க மனம் வரவில்லை. பெரியம்மா வீட்டு மாட்டுக்கொட்டிலில் பழைய வண்டில் சில்லு ஒன்று சாய்ந்து கிடந்தது. பட்டம் துருப்பிடித்து விழுந்துவிட்டது, ஆரக்கால்கள் மட்டும் அப்படியே. பெரியம்மாவிடம் கேட்டு ஆறு எடுத்தேன். ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நெஞ்சு இல்லை, நார் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை நேரே ஓடுகிறது. சில்லு செய்தவர் அன்றைக்கே பிளந்து எடுத்திருக்கிறார். குசினித் தராசில் இரண்டு கிழமை இடைவெளியில் மூன்று தரம் நிறுத்தேன், 318 கிராம், 318, 317.

பழைய சீவுளி ஐயா சொன்னபடி முதலில் துளை. ஒரு நூல் அளவு சரிந்துதான் போனது. நடுக்கோட்டைக் கீறி அதைச் சுற்றிச் சீவினேன், இப்போது அலகும் பிடியும் ஒரே கோட்டில் நிற்கின்றன. எட்டுப் பட்டை. பூண் சைக்கிள் ஹாண்டில். தோல் வளையம் என் பழைய செருப்பில் எடுத்தது. தலைகீழாகப் பிடித்துத் தட்டும்போது ஒன்பதாவது தட்டில் சத்தம் மாறியது. மாறும் என்று ஐயா எழுதியிருந்தாலும், அதைக் காதால் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. அம்மப்பாவின் பட்டறையில் சின்ன வயதில் கேட்ட சத்தம் அது.

நேற்று வேப்பம் பலகையில் ஆறு துளை பொளிந்தேன். அசைவில்லை.

பழைய சீவுளி

படம் பார்த்தேன். கழுத்தில் இன்னும் இரண்டு மில்லிமீற்றர் எடுத்திருக்கலாம், விரல் இருக்க வடிவாக இருக்கும். அதுவொன்றுதான். மாரி தொடங்கப் போகிறது, மரம் ஊதிப் பூண் இன்னும் இறுகும். வருகிற ஆனி, ஆடியில் பூணைத் திருகிப் பாருங்கள். அப்போதும் அசையாவிட்டால் அந்தப் பிடியைப் பற்றி இனி யோசிக்கத் தேவையில்லை.

கோண்டாவில் பொடியன்

சரி ஐயா, ஆடியில் வந்து எழுதுகிறேன். ஆரக்கால் இன்னும் ஐந்து இருக்கிறது. நகவுளியின் நாக்கைத்தான் துரு பாதிக்கு மேல் தின்றுவிட்டது, 25 மில்லிமீற்றர்தான் மிச்சம். அதற்கு வெல்டிங் பிடித்து நீட்டலாமா, அலகு சூடாகிவிடுமா?

கம்மாலை

நீட்டலாம் தம்பி. அலகை ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர் வாளிக்குள் நிறுத்தி, நாக்கு மட்டும் வெளியே நிற்கப் பிடிக்கவேண்டும். வெல்டிங் மெஷினைத் தண்ணீர் வாளியோடு சேர்த்து வைத்துத் தனியே செய்யவேண்டாம், பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். ஞாயிறு தவிர எந்த நாளும் நிற்பேன்.